வெண்ணெய்த் தட்டின் மூடி

"மூடியைத் தர்றீங்களா, மாட்டீங்களா? இன்னிக்கு எனக்கு ஒரே பதில் வேணும், வெர்னன்!"

க்ளென்னா மேசையில் கையை ஊன்றிய வேகத்தில் வெர்னனின் பச்சைக் கோப்பைகளும் நீல ஜாடிகளும் கிணுகிணுத்தன. ஒஹாயோ ஆற்றங்கரையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் பழம்பொருள் சந்தை அது. பழசும் புதுசுமாக வண்ணக் கண்ணாடிச் சாமான் வேண்டுமென்றால் எல்லாரும் வெர்னன் மேசைக்குத்தான் வருவார்கள்.

"அவசரப்பட்டா எப்படி? உங்க அடித்தட்டைக் கொடுங்க. நிறம் ஒத்துவருதான்னு பார்ப்போம்."

"ஆறு வருஷமா அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கீங்க!"

பக்கத்துக் கடை ரஸ்ஸல் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான். "யோவ், பழைய டிராக்டர் வாங்குறவன்கூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டான்யா!"

க்ளென்னா கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய தட்டை எடுத்தார். இளஞ்சிவப்புக் கண்ணாடி, ஓரம் முழுக்கப் பூவேலை. அந்தக் காலத்தில் ஓட்ஸ் டப்பாவுக்குள் சும்மா போட்டுக் கொடுத்த சரக்கு. இப்போது அதற்காகப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். வெண்ணெய் வைத்து மூடும் இந்த வகைத் தட்டில் அடித்தட்டு எங்கேயும் கிடைக்கும், மூடிதான் கிடைக்காது. வெண்ணெய்ப் பிசுக்குக் கையோடு குமிழைப் பிடித்துத் தூக்கித் தூக்கி, ஊரில் இருந்த மூடிகளில் பாதியை யார் யாரோ எப்போதோ போட்டு உடைத்துவிட்டார்கள்.

வெர்னனிடம் இருந்ததோ கீறல்கூட இல்லாத மூடி. இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க தட்டு லேசா ஆரஞ்சு அடிக்குது. என் மூடி சுத்த ரோஜா. சேராதும்மா."

"போன மாசம் மேகமூட்டம், நிறம் தெரியலைன்னீங்க."

"அதுக்கு முந்தின மாசம் வெயில் ஜாஸ்தி, கண்ணு கூசுதுன்னான்" என்று எடுத்துக் கொடுத்தான் ரஸ்ஸல்.

"நீ உன் கடைக் கண்ணாடிக் கோழிப் பொம்மைங்களைப் பாருடா!"

உண்மையில் வெர்னனுக்கு அந்த மூடிமேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. மனைவி இறந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததே, கணவரை இழந்த இந்த க்ளென்னா மேசைக்கு வந்து சண்டை போட ஆரம்பித்த பிறகுதான். மூடியைக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்கு இங்கே என்ன வேலை? மற்ற ஞாயிறுகள் போலவே இதுவும் வெறிச்சென்று ஆகிவிடும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

இந்தப் பயத்தில் அவர் அடித்த கூத்து ரஸ்ஸலுக்குக்கூடத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீலிங் என்ற ஊரில் பாட்ஸி என்று ஒருத்தி கடை வைத்திருந்தாள். எங்கேயும் கிடைக்காத இதே மூடி அவள் கடைக்கு மட்டும் அவ்வப்போது வரும். க்ளென்னா கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று, வந்த மூடியையெல்லாம் வெர்னன் பேரம் பேசாமல் வாங்கிவந்து வீட்டு அலமாரியில் பூட்டி வைத்தார்.

"வேற எங்கயும் தேடிப் பார்க்கலையா நீங்க?" என்றார் இப்போது, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"தேடாத இடமில்லை." க்ளென்னா வேறு பக்கம் பார்த்தார். "போதும் வெர்னன், எனக்கும் அலுத்துப்போச்சு. ரஸ்ஸல், இந்தத் தட்டை நீங்களே எடுத்துக்கங்க, கொடுக்கிறதைக் கொடுங்க. இனிமே ஞாயித்துக்கிழமையில சர்ச்சுக்குப் போயிட்டு வந்து நிம்மதியா தூங்கப்போறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ரஸ்ஸல் சந்தோஷமாகக் கையை நீட்டினான். வெர்னன் குறுக்கே பாய்ந்தார்.

"டேய், அதுல கை வெச்சே, தொலைச்சுடுவேன்!"

சொன்ன கையோடு மூடியை எடுத்து க்ளென்னாவின் கையில் திணித்தார். "எடுத்துக்கங்க. காசு வேண்டாம்."

க்ளென்னா முகத்தில் சிரிப்பில்லை. "ஏன், இப்ப மட்டும் நிறம் சேருமா?"

"எப்பவுமே சேரும். கொடுத்துட்டா நீங்க வரமாட்டீங்களேன்னுதான் கொடுக்கலை." வெர்னனின் காது மடல் மூடியைவிடச் சிவந்துவிட்டது. "இது மட்டுமில்லை. வீட்டுல இன்னும் ஏழு மூடி இருக்கு. உங்களுக்குக் கிடைச்சுடக் கூடாதுன்னு வீலிங்ல பாட்ஸி கடைக்கு வர்றதையெல்லாம் நானே வாங்கிட்டேன். திட்டணும்னா நல்லா திட்டிடுங்க."

ரஸ்ஸல் வாயைப் பிளந்தான். க்ளென்னா தட்டையும் மூடியையும் பத்திரமாக மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அட மக்கு மனுஷா! சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாம வாங்கிட்டுப் போற ஒரு கிறுக்கன் இருக்கான்னு பாட்ஸி சொல்லுவாளே, அது நீங்கதானா? அவ என் தங்கச்சி. அந்த ஏழு மூடியும் நான் கண்டுபிடிச்சு அவ கடையில கொண்டுபோய்த் தள்ளினது. வீட்டுல ஒரு மூடி இருந்துட்டா, அப்புறம் என்ன சாக்கு சொல்லிக்கிட்டு நான் இங்க வர்றதாம்?"