சறுக்கில் ஒரு நிமிடம்

உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில், நீர்ச்சறுக்குக் குழாயின் வாயில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வயது மகள் இப்போதுதான் அவளுக்கு முன்னால் வழுக்கிப் போனாள். “கண்ணாடியோட போகக் கூடாதும்மா. மடக்கிக் கையில பிடிச்சுக்கங்க” என்கிறார் சறுக்கைக் கவனிக்கும் ஊழியர். கழற்றியதும் கடலும் வானமும் ஒரே வெளுப்பாகக் கலந்துவிடுகின்றன. கீழே குளம் ஒரு நீலத் திட்டு. அதில் நெளியும் வண்ணப் புள்ளிகளில் மகள் எது? “பொண்ணு வெளிய வந்துட்டாளா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” “எல்லாரும் வந்துட்டாங்கம்மா, போங்க.” எல்லாரும் என்றால் அவளுமா? கேட்பதற்குள் தண்ணீர் இடுப்பைத் தள்ளுகிறது. குழாய்க்குள் பச்சை வெளிச்சம் சுழல்கிறது, முதுகு வழுக்குகிறது, அடிவயிறு கூசுகிறது. தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிரிப்பு அடங்குமுன் குளத்தில் போய் விழுகிறாள். நீர் சொட்டும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிச் சுற்றிலும் தேடுகிறாள். யார் யாருடைய பிள்ளைகளோ. “பாப்பா!” என்று கத்துகிறாள். “அம்மா, இங்க பாரு!” குரல் தலைக்கு மேலிருந்து வருகிறது. சறுக்குக்கு ஏறும் படிக்கட்டின் பாதியில் நின்று மகள் கையாட்டுகிறாள். “எவ்ளோ சத்தமா சிரிச்ச நீ! இன்னொரு தடவை வா!” அம்மா திட்ட வாயெடுக்கிறாள். மகள் அதற்குள் அடுத்த வளைவில் மறைகிறாள். அம்மா ஈரக்காலோடு அவள் பின்னால் ஓடுகிறாள்.