வெளியூர் போன வக்கீல்

வாருங்கள், இந்தக் கூடத்துக்குள் வந்து ஓர் ஓரமாக நில்லுங்கள். இங்கே ஒரு கொடுமை வேடிக்கைக் கதையாகப் பரிமாறப்படுகிறது, அதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

மதிய உணவு முடிந்திருந்தது. சாய்வு நாற்காலியில் அப்பா. எதிரே, அவர் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. எச்சில் தட்டுகளை அடுக்கியபடி மகள்.

"அந்தக் காலத்துல வெளியூருக்கு மூணு நிமிஷம் பேசினா ஒரு வாரச் சம்பளம் போயிடும், சம்பந்தி. நான் விடுவேனா? டெலிபோன்காரன் கண்ணுலயே மண்ணைத் தூவினவன் நான்!"

அவர் தூவிய மண் இதுதான்.

அந்நாளில் ஆபரேட்டர் வழியே வெளியூருக்குப் பேசும் டிரங்க் காலை, இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று ஆளைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கேட்ட ஆள் வீட்டில் இல்லையென்றால் பேச்சுக் கட்டணம் கிடையாது. ஆகவே, தொலைதூர ஊருக்கு வாழ்க்கைப்பட்ட மகளுக்கு அப்பா ஒரு பாடம் சொல்லி அனுப்பினார்.

அவள் தையல்காரரைக் கேட்டால், நலம்.

டாக்டரைக் கேட்டால், உண்டாகியிருக்கிறேன்.

வக்கீலைக் கேட்டால், இங்கே வாழ முடியவில்லை, வந்து அழைத்துப்போங்கள்.

யாரைக் கேட்டாலும் வீட்டிலிருந்து ஒரே பதில்: அவர் இல்லை. சேதி புரிந்தது என்று பொருள். அந்தப் பதிலையும் ஆபரேட்டர்தான் மகளுக்குச் சொல்வாள். பெற்றவர்களின் குரல் மகளின் காதுக்கு எட்டாது.

சம்பந்தி தொடையைத் தட்டினார். "எமகாதகருங்க நீங்க! சரி, வக்கீலை எப்பவாச்சும் கேட்டாளா?"

"கேட்டாளே! ஆபரேட்டர் பொண்ணு, 'வக்கீல் சார் இருக்காரா'ன்னுது. 'இல்லம்மா, வெளியூர் போயிருக்கார்'னேன். மறுவாரமும் கேட்டா. அப்பவும் வெளியூர்! அந்த வக்கீல் கடைசி வரைக்கும் ஊர் திரும்பவே இல்லை, போங்க!"

கூடம் குலுங்கியது. பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் நெம்பிக்கொண்டே அப்பாவும் சிரித்தார்.

மகள் அடுக்கிய தட்டுகளைக் கீழே வைத்தாள்.

வக்கீலைக் கேட்ட அன்று அவள் வீங்கிய மணிக்கட்டோடு பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்த ஜன்னலில் காத்திருந்தாள். சேதி போய்ச் சேர்ந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

மறதிக்கார அம்மா போனை எடுத்திருப்பாள், வக்கீலையும் தையல்காரரையும் குழப்பிக்கொண்டிருப்பாள் என்றே அவள் நம்பினாள். பல்லைக் கடித்து ஆண்டுகளைத் தள்ளி, தானே தப்பி வந்த பிறகும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணம் தெரியாமலேயே அம்மா கண்ணை மூடினாள்.

"அன்னிக்கு போனை எடுத்தது அம்மா இல்லையாப்பா?"

"அவளா? அவளைப் போன் பக்கமே விட்டதில்லையே நான். வக்கீல்னு காதுல விழுந்திருந்தா அந்த நிமிஷமே வண்டி ஏறியிருப்பா, பைத்தியக்காரி!"

சம்பந்தி மீண்டும் சிரிக்க வாயைத் திறந்தார்.

சாட்சிகளே, நீங்கள் சிரிக்காதீர்கள். சிக்கனம் என்று பெயர் சூட்டப்பட்ட இந்தக் கல்நெஞ்சம் ஒரு வீட்டோடு முடிவதில்லை. உங்கள் மகள் எந்தச் சாக்கில், எந்தச் சொல்லில் அழைத்தாலும் பதில் சொல்லிப் பொழுதைப் போக்காதீர்கள். செருப்பை மாட்டுங்கள். புறப்படுங்கள். போய் அவளை அழைத்து வாருங்கள்.