பாகவதர் வீட்டு ஆணி

கடலூரிலிருந்து பதினாலே மைல்தான். ஆனாலும் பிரெஞ்சுக்காரன் சீமை, வெளிநாடு! சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள்.

"இவ்வளவு மல்லிகை யாருக்கும்மா?"

"பாகவதர் படத்துக்குங்க" என்றாள் தையல்நாயகி. கஞ்சிபோட்ட சட்டைக்குள் விறைத்து நின்ற மகன் கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டான்.

புதுச்சேரியில் யாரையும் வழி கேட்காமல் ஒரு வீட்டுப் படியேறினாள்.

"கீர்த்தனை கட்டின வேதகிரி பாகவதர் குடியிருந்த வீடு இதுதானுங்களே? பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"வாங்க, வாங்க" என்றாள் வீட்டுக்காரி அஞ்சலாட்சி. "அதோ, அந்த ஆணியிலதான் தம்பூராவ மாட்டுவாராம்."

தையல்நாயகி ஆணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கலியபெருமாளோ, கேசரித் தட்டோடு வந்த அஞ்சலாட்சியின் மகள் அமிர்தவல்லியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சிரித்தும் விட்டாள். அவன் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினான்.

தையல்நாயகிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க அண்ணி. நாங்க பொண்ணு பாக்கத்தான் வந்தோம். முறையா வந்து, பையன் வேணாம்னுட்டா பொண்ணுக்கு ஒரு பேச்சாயிடுமேன்னுதான் பாகவதர் பேரச் சொன்னேன்."

அஞ்சலாட்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தெரியும் அண்ணி. பாகவதர் குடியிருந்தது எதிர்வீடு. வாசல்லயே பேரு எழுதியிருக்கு. அத விட்டுட்டு நேரா எங்க படியேறினா எதுக்குன்னு தெரியாதா? அதான் அடுப்புல கேசரிய ஏத்தினேன்."

மல்லிகை அமிர்தவல்லியின் தலைக்குப் போனது.

"அப்ப, நான் கண்ணுல ஒத்திக்கிட்ட ஆணி?"

"அதுல எங்க வீட்டுக்காரரு குடைய மாட்டுவாரு!"