பட்டியலில் நாலாவது ஆள்

நகராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்தர் வேலை காலி. பரீட்சையில் தேறியவர்கள் நாலு பேர். தகுதிப் பட்டியலில் முதல் மூன்று பேரைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். நம் ஆள் நாலாவது.

அடுத்த மாதம் பிறந்தால் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். இனிப் பரீட்சை எழுதவே முடியாது. அதனால் பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து, அதைக் கவனிக்கும் எழுத்தரின் மேஜையே கதி என்று கிடந்தான்.

அவர் தங்கமான மனிதர். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

"மூணு பேர்ல ஒருத்தர் விலகினா போதும் தம்பி, உன்னைக் கூப்பிட்டுடுவாங்க."

"மூணு பேருமே விலகிட்டா சார்?"

"அப்புறம் உனக்குப் போட்டிக்கு ஆளே இல்லையே" என்று சிரித்தார். "இரு, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

போனவர் அரை மணி நேரம் திரும்பவில்லை. மூன்று பேரின் விலாசமும் இருந்த கோப்பு மேஜையில் திறந்தே கிடந்தது. பக்கத்திலேயே நகராட்சியின் பெயர் அச்சடித்த தாள்கள், ரப்பர் முத்திரை. இவனுக்குக் கை பரபரத்தது.

அன்று மாலையே மூன்று கடிதங்கள் தபாலில் சேர்ந்தன. 'வேலையில் சேருபவர் முதல் ஐந்து வருடம் குப்பைக் கிடங்கில் பணியாற்ற வேண்டும். விருப்பமில்லாதோர் உடனே எழுதித் தெரிவிக்கவும்.' அதிகாரியின் கையெழுத்தை இவனே போட்டான். அசலைவிட அழகாக வந்திருந்தது.

ஒரே வாரத்தில் மூன்று பேரும் விலகிக்கொண்டார்கள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. நேர்காணலுக்குப் புதுச் சட்டை எடுத்துவைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான்.

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு பேராவது இல்லேன்னா பட்டியல் செல்லாது தம்பி. நேத்தே ரத்து பண்ணிட்டாங்க. இனி புதுசா பரீட்சை வச்சாத்தான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீ கேக்கலையே."

யாரிடம் போய்ப் புகார் சொல்வது? வாயைத் திறந்தால் கள்ளக் கையெழுத்துக்காகக் கம்பி எண்ண வேண்டியதுதான். படியிறங்கினான்.

எழுத்தர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அந்தக் காலி வேலைக்கு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நகராட்சி அவரைத் தற்காலிகமாக அதில் உட்கார வைத்து அன்றோடு பதினோரு வருடம்.