பதில் இல்லாத தறிக்கூடம்

“தறிய நிறுத்து நைனா, பேசணும்!”

பூர்ணிமா வாசலிலிருந்து கத்தினாள். குடியாத்தத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கூடத்தில் இரண்டு விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அப்பா முனிரத்தினம் திரும்பவில்லை. அவள் எதிரே போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

“வா கண்ணு! எப்போ வந்தே? சாப்ட்டியா?”

“இப்பத்தான் வந்தேன். கோவாவிலேர்ந்து நேரா...”

“கொஞ்சம் இரு. பாவு நூலுல இழை அறுந்துனே இருக்குது. முடிச்சிட்டு வர்றேன். உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்.”

அவர் மறுபடி தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. என்ன கேட்கப் போகிறார் என்று தெரியாதா? கல்யாணம்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், கோவாவில் கடல் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் இப்போது வேண்டாம் என்று போனில் சொன்னாள். அவர் பதிலே பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்ததே தவிர, எடுக்கவே இல்லை. அம்மாவும் இல்லாத வீடு. அவருக்கே அவ்வளவு ரோஷம் என்றால் தனக்கு இருக்காதா என்று அவளும் வராமல் இருந்துவிட்டாள்.

இப்போது வந்ததுகூட, ஒரு நல்ல செய்தியை நேரில் சொல்லத்தான்.

“நைனா, எங்க ரிப்போர்ட்ட கவர்மென்ட்டுல ஒத்துக்கிட்டாங்க. திமிங்கலம் குட்டியோட போற வழியில கப்பல் எல்லாம் இனிமே மெதுவாத்தான் போகணும். இன்ஜின் இரைச்சல்ல தாய் கூப்பிடறது குட்டிக்குக் கேக்கறதில்ல. குட்டி தனியாப் போய்ச் செத்துடுது. நாலு பேரா ராப்பகலா கடலுக்கடியில மைக் போட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சோம்.”

அவர் குனிந்து இழையை முடிந்துகொண்டிருந்தார்.

சட்டென்று கரண்டு போனது. தறிகள் நின்றன. தெருவில் போகும் சைக்கிள் மணிகூடத் தெளிவாகக் கேட்டது.

“இப்ப சத்தம் இல்ல. இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லு நைனா.”

அவர் முதுகு அசையவில்லை. விரல்கள் மட்டும் நூலைத் தேடிக்கொண்டிருந்தன.

“மூணு வருஷமா பேசல. நேர்ல வந்தும் முதுகக் காட்டிக்கினு நிக்கறே. நான் சொன்னபடி கேக்கலன்றதுக்காக இவ்ளோ பழி வாங்கணுமா?”

அவர் அடுத்த இழையை எடுத்து முடிந்தார்.

“சரி. உனக்குப் பொண்ணே இல்லன்னு வெச்சுக்கோ. நான் போறேன். இனிமே வரமாட்டேன்.”

வாசல்வரை போய் நின்றாள். ‘நில்லு’ என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

வேலூர் பஸ் ஊரைத் தாண்டிய பிறகு பக்கத்து சீட்டுக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். அப்துல் வஹீத் பாய். அப்பாவிடம் வருடக்கணக்கில் லுங்கி எடுக்கும் வியாபாரி, அவருடைய தோஸ்த்.

“இன்னாம்மா பூர்ணிமா, எப்போ வந்தே? அதுக்குள்ள கெளம்பிட்டியா?”

“அவருக்கு என்கூடப் பேசவே இஷ்டமில்ல பாய்.”

“சேச்சே! வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் உன் பேச்சுதாம்மா. நீ வர்ற நாளத்தானே எண்ணிக்கினு இருந்தாரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, காதப் பாத்தியா? இன்னா சொன்னே?”

“காதா?”

“உன்னாண்ட சொல்லலியா? தறிச் சத்தத்துல ரெண்டு காதும் போயி மூணு வருஷம் ஆவுதேம்மா. எதிர்ல நின்னு வாய அசைச்சாத்தான் கொஞ்சம் புரியும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எத்தினி வாட்டி இழுத்தேன். வரவே மாட்டேன்னுட்டாரு. ‘இந்த இரைச்சல், காது விஷயத்துலதான் பாய் என் பொண்ணு பெரிய படிப்பு படிச்சிருக்கா, அவ வந்து பாக்கட்டும்’னு உக்காந்துனு இருந்தாரு.”