விசிறிக்குப் பின்னால்

பகலாட்டம் முடிந்து கொட்டகை வாசலில் வெயில் சாய்கிறது. வழக்கம்போல நடிகர்கள் வேஷம் கலைக்காமல் வரிசையாக நின்று, வெளியேறுகிறவர்களைக் குனிந்து வழியனுப்புகிறார்கள். நாட்டியக்காரியாகப் பெண்வேஷம் கட்டி நிற்கும் நடிகர் கென்ஸாகுவின் கழுத்தோரம் வெள்ளைப் பூச்சு வியர்வையில் கரைகிறது. கூட்டத்தோடு அவர் மகள் மினோரி வருகிறாள், கூடவே இந்த மாதத்துப் பள்ளிக்கூடத்தின் புதுத் தோழிகள் இருவர். நாடகக் குழு மாதத்துக்கு ஓர் ஊர் போவதால் அவளுக்குப் பள்ளியும் மாதாமாதம் மாறும். பிள்ளைக்குத் தலைகுனிவாகிவிடக் கூடாதே என்று அவர் விசிறியால் முகத்தை மறைத்து, மேடையின் பெண்குரலிலேயே, "வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா" என்கிறார், யாரோ போல. "எவ்ளோ அழகு! யாருடி இவங்க?" என்று ஒருத்தி வாய்பிளக்கிறாள். மினோரி விசிறியைப் பிடித்துக் கீழே இறக்குகிறாள். "எங்கப்பாதான். அப்பா, உன் குரல்ல ஏதாவது பேசேன், இவளுங்க நம்ப மாட்டாளுங்க." கென்ஸாகு தொண்டையைச் செருமுகிறார். ஆண்குரலும் வரவில்லை, பெண்குரலும் வரவில்லை.