அம்மாவின் காலில் ஒரு ஒயர்

நேர்காணல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஆதிரையின் லேப்டாப்பில் சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது. காலையில் அம்மா செண்பகவல்லி அதில்தான் குக்கரைச் சொருகிச் சோறு ஆக்கியிருந்தாள். எல்லாச் சாமானுக்கும் ஒரே வகைச் சார்ஜ் துளை என்று ஆன பிறகு, எதை எதில் சொருகுவது என்ற வரைமுறையே வீட்டில் இல்லை.

தன் கடையைத் திறக்கக் கிளம்பிய அம்மா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலையை விலக்கி, பேட்டரியில் ஓடும் செயற்கைக் காலில் இருந்த துளையைக் காட்டினாள்.

"இதுலேர்ந்து எடுத்துக்க."

"அப்புறம் நீ எப்படிம்மா நடப்ப? கடை?" ஆதிரை கிசுகிசுத்தாள்.

"கடை நாளைக்கும் இருக்கும். சொருகுடி."

ஆதிரை குனிந்து ஒயரைச் சொருகினாள். அம்மாவின் கால் ஒரு தடவை உதறிவிட்டு விறைத்துக்கொண்டது. லேப்டாப் பிழைத்துக்கொண்டது.

திரையில் இருந்த அதிகாரி கேட்டார். "வேலை வெளியூர்ல. உங்களை நம்பி வீட்டுல யாராவது இருக்காங்களா?"

இல்லையென்று சொல்லச் சொல்லி, மேசைக்கடியில் அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

"யாரும் இல்ல சார்," என்றாள் ஆதிரை. "நான்தான் எங்கம்மாவ நம்பி இருக்கேன். கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்."